பரணில் தூங்கும் பாத்திரம்: எடைக்கா, விலைக்கா?



இந்தப் பக்கத்தைப் படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. தலையை நிமிர்த்தி உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். அங்கே என்னென்ன இருக்கிறது? கல்யாணத்துக்கு வந்த குடம் நாலு. ஒன்றைத்தான் புழங்குகிறோம். மொய்யோடு வந்த ஹாட்பேக் மூன்று. டப்பாவைக்கூடப் பிரிக்கவில்லை. மாமியார் காலத்துப் பித்தளைத் தவலை, அடுக்கு, காது உடைந்த அண்டா. கிரைண்டர் வந்த பிறகு ஓரம் கட்டிய ஆட்டுக்கல். பிள்ளைகள் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போன தூக்கு.

"இருக்கட்டும், என்னைக்காவது உதவும்" என்று ஏற்றி வைத்தோம். அந்த 'என்னைக்காவது' வரவே இல்லை. ஆனால் அவசரம் மட்டும் வருகிறது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், தவணை கட்ட வேண்டிய வாரம், திடீரென்று ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. அன்றைக்குப் பார்த்து வாசலில் பழைய பாத்திரக்காரர் குரல் கொடுக்கிறார். கையில் கிடைத்ததைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். அவர் சொன்னதுதான் எடை, கொடுத்ததுதான் விலை.

பயன்படாத பாத்திரத்தை விற்பது தப்பே இல்லை. எப்படி விற்கிறோம், யாரிடம் விற்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இது எனக்குப் புரிந்தது சென்னை ஆழ்வார்பேட்டையில்.

அம்மாவின் வெண்கலப் பானை

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். எங்கள் அம்மாவிடம் ஒரு வெண்கலப் பானை இருந்தது. ஆயா வீட்டுச் சீராக வந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், பொங்கலன்றைக்கு மட்டும் இறக்குவோம். புளி போட்டுத் தேய்த்தால் தங்கம் மாதிரி மின்னும். எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது வண்டியில் ஒரு வியாபாரி வந்தார். "கனமா கெடக்குதேம்மா, இதை யார் தூக்கிக் கழுவுறது?" என்று கேட்டார். பானையை வாங்கிக்கொண்டு இரண்டு பிளாஸ்டிக் குடமும் ஒரு எவர்சில்வர் பேசினும் கொடுத்தார். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். குடம் இரண்டும் அடுத்த கோடையிலேயே விரிசல் விட்டுவிட்டது.

எங்கள் சித்தி ஆழ்வார்பேட்டை சீதம்மாள் காலனியில் ஒரு வீட்டில் பல வருஷமாகச் சமையல் வேலை பார்க்கிறார். அது பழைய காலத்துத் தனி வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டு அம்மா சின்ன பிளாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று தலைமுறைப் பாத்திரம் அந்தச் சின்னச் சமையலறையில் அடங்குமா? அதனால் ஒரு மார்கழி மாதம் ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் கொட்டகையில் மேசை போட்டு, பாத்திரங்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு ஒட்டி விற்றார்கள். "ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேணும், வாடி" என்று சித்தி கூப்பிட்டதால் நானும் போனேன்.

இரண்டாவது மேசையில் ஒரு வெண்கலப் பானை இருந்தது. எங்கள் அம்மாவுடையது மாதிரியே, அதே அளவு. சீட்டைப் பார்த்தேன். 3,500 ரூபாய்! பத்தே நிமிஷத்தில் ஒரு இளம்பெண் வந்து, பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். "இதுல பொங்கல் வைப்பீங்களா?" என்று கேட்டேன். "இல்லைங்க, ஹால்ல பூச்செடி வைக்க" என்றார். எங்கள் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் குடத்துக்குப் போன பொருள்! எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் அதே யோசனைதான். அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அது என்ன 'கராஜ் சேல்'?

கராஜ் என்றால் கார் நிறுத்தும் கொட்டகை. வீட்டில் வேண்டாத பொருள்களை அந்தக் கொட்டகையிலோ வீட்டு முற்றத்திலோ பரப்பி வைத்து, ஒரு நாள், இரண்டு நாள் அக்கம்பக்கத்தாருக்கு விற்பதற்கு அமெரிக்காவில் 'கராஜ் சேல்' என்று பெயர். கடை கிடையாது, இடைத்தரகர் கிடையாது. பொருளுக்குச் சொந்தக்காரரே விலை சொல்கிறார். வேண்டியவர் வந்து வாங்குகிறார்.

அங்கே இது பெரிய பழக்கம். 1987-ல் டென்னசி மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில், தங்கள் பக்கத்துச் சாலைக்கு ஆட்களை வரவழைக்க வேண்டும் என்று சாலை ஓரம் முழுக்க இப்படி ஒரு விற்பனை தொடங்கினார்கள். இப்போது ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் ஆறு மாநிலங்கள் வழியாக 690 மைல், அதாவது சுமார் 1,100 கிலோமீட்டர் நீளத்துக்கு அது நடக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், பாதி வழிக்கு மேல் திரும்பி வருகிற தூரம்! வழி நெடுக வீட்டு வாசலில் பழைய சட்டி, பானை, நாற்காலி, துணிமணி.

நமக்கும் இது புதிது ஒன்றும் இல்லை. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் 1900-ல் திறந்த மூர் மார்க்கெட் பழைய பொருளுக்குப் பேர் போனது. 1985-ல் தீப்பிடித்து அழியும்வரை, பழைய புத்தகத்திலிருந்து வீட்டுச் சாமான்வரை அங்கே வாங்கலாம். நம் ஊர் வாரச்சந்தையிலும் பழைய சாமானுக்கு ஒரு ஓரம் உண்டு. அங்கெல்லாம் விற்பவர் வியாபாரி. கராஜ் சேலில் விற்பவர் வீட்டுப் பெண்மணி. வித்தியாசம் அதுதான். நாம் இதற்குத் 'திண்ணை விற்பனை' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ஆழ்வார்பேட்டையில் எது முதலில் போனது?

டி.டி.கே. சாலை, சி.பி. ராமசாமி சாலை, எல்டாம்ஸ் சாலை என்று ஆழ்வார்பேட்டையில் ஒரு காலத்தில் தோட்டத்தோடு கூடிய பெரிய வீடுகள் நிறைய. அவை ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடியாகி வருகின்றன. பெரிய வீட்டுப் பாத்திரம் சின்ன வீட்டுக்கு அதிகம். அதே சமயம், புதிதாகக் குடி வருகிற இளம் குடும்பங்களுக்குப் பழைய பித்தளை, இரும்புப் பாத்திரத்தின் மேல் ஆசை. கொடுக்க ஆளும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. அதனால்தான் அந்த விற்பனை நடந்தது.

அன்றைக்கு நான் கவனித்ததைச் சொல்கிறேன். பளபளக்கிற கண்ணாடிச் சாமான்தான் முதலில் போகும் என்று நினைத்தேன். இல்லை! முதலில் போனது இரும்புத் தோசைக்கல். "பழகின கல்லு, மாவு ஊத்தினா ஒட்டாது" என்று சித்தி ஒரு வார்த்தை சொன்னார். இரண்டு பேர் போட்டி போட்டார்கள். புதுக் கல்லை எண்ணெய் தடவி, சூடு காட்டிப் பழக்க எத்தனை நாள் ஆகும் என்று நமக்குத் தெரியாதா? அந்த உழைப்புக்கும் சேர்த்துத்தான் விலை.

அடுத்து இட்லிக் கொப்பரை, பித்தளைக் காபி பில்டர், முறுக்கு உழக்கு, பணியாரக்கல், ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடி. மூடியோடு இருந்த சம்புடங்கள் போயின. மூடி இல்லாதவை அப்படியே நின்றன. ஹாட்பேக் மூன்றில் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லார் வீட்டிலும் அது நாலு இருக்கிறதே!

வாங்க வந்தவர்களும் வசதிக்காரர்கள் மட்டும் இல்லை. பக்கத்து வீடுகளில் வேலை செய்யும் பெண்கள், காவலாளி, இஸ்திரி வண்டிக்காரர் எல்லாரும் வந்தார்கள். எவர்சில்வர் அடுக்கு, தட்டு, டம்ளர் எல்லாம் அவர்களிடம்தான் போனது. கடையில் வாங்கினால் ஆகிற செலவில் பாதிகூட அவர்களுக்கு ஆகவில்லை. ஆகப் பழைய பொருளுக்கு இரண்டு வகை ஆள் வருகிறார்கள். அழகுக்கு வாங்குகிறவர் ஒருவர், அவசியத்துக்கு வாங்குகிறவர் ஒருவர். இருவருக்கும் ஒரே விலைச் சீட்டு வைக்கக் கூடாது. அழகுப் பொருளுக்கு விலையை நிறுத்திச் சொல்லலாம். அவசியப் பொருளை நியாயமாகக் கொடுத்துவிட வேண்டும்.

எடை வேறு, விலை வேறு

பழைய பாத்திரக்காரருக்கு நம் பாத்திரம் வெறும் உலோகம். உருக்கப் போகிறவருக்குத் தவலையும் ஒன்றுதான், தாழ்ப்பாளும் ஒன்றுதான். புழங்கப் போகிறவருக்கு அது பாத்திரம். ஓட்டை உடைசலை எடைக்குப் போடுவது சரி. நல்ல பாத்திரத்தை எடைக்குப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான். அதற்கு முதலில் நம் கையில் இருப்பது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும்.

பித்தளை: செம்பும் துத்தநாகமும் கலந்தது. மஞ்சள் நிறம். கீழே விழுந்தால் நசுங்கும்.

வெண்கலம்: செம்பும் வெள்ளீயமும் கலந்தது. இரண்டுமே விலை கூடிய உலோகம். விரலால் தட்டினால் கோயில் மணி மாதிரி ஓசை நீண்டு கேட்கும். கீழே விழுந்தால் நசுங்காது, விரிசல் விடும். வெண்கலத்தைப் 'பித்தளை' என்று சொல்லிக் குறைத்து எடுப்பவர்கள் உண்டு. கவனம்!

செம்பு: சிவந்த நிறம். தண்ணீர்க் குடம், சொம்பு, குளியல் தவலை இதில் வரும்.

ஈயச் சொம்பு: ரசம் வைக்கிற இந்தச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சொம்பு போச்சு. வாங்குபவரிடம் இதைச் சொல்லிக் கொடுங்கள். காரீயம் வேறு, அது உடம்புக்கு நஞ்சு. சொம்பு எந்த ஈயம் என்று சந்தேகம் இருந்தால் சமையலுக்கு என்று விற்காதீர்கள்.

கல்சட்டி, அம்மி, ஆட்டுக்கல்: இவற்றை எடைக்குக்கூட யாரும் கேட்பதில்லை. ஆனால் நகரத்தில் கல்சட்டியைத் தேடி வாங்குகிறார்கள். தூக்கிப் போடாதீர்கள்.

விற்பதற்கு முன் பாத்திரத்தை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மளிகைக் கடைத் தராசு போதும். எடையை நாம் தெரிந்து வைத்திருந்தாலே வியாபாரியின் பேச்சு மாறிவிடும். அன்றைய விலையையும் டவுனில் இரண்டு பாத்திரக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தின் விலை ஏறும், இறங்கும். போன வருஷக் கணக்கு இந்த வருஷம் உதவாது.

யாருடைய பாத்திரம்?

இது முக்கியமான கேள்வி சகோதரிகளே! பாத்திரத்தின் விளிம்பைப் பாருங்கள். பெயர் வெட்டி இருக்கும். பாத்திரக்கடையில் வாங்கின கையோடு பெயரும் தேதியும் வெட்டித் தருவார்களே, அதுதான். எத்தனையோ வீடுகளில் ஒரு பெண்ணின் பெயர் எழுத்தில் இருக்கிற ஒரே சொத்து அந்தப் பாத்திரம்தான். பட்டாவில் அவள் பெயர் இருக்காது, தவலையில் இருக்கும்.

கல்யாணத்தின்போது தாய் வீட்டாரும் உறவினரும் பெண்ணுக்கென்று கொடுத்த நகை, பாத்திரம் எல்லாம் அவளுக்கே சொந்தமான சீதனம். கணவரிடமோ மாமியார் வீட்டாரிடமோ இருந்தாலும், அவர்கள் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே. பிரதிபா ராணி வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "வீட்டுல சும்மா கிடந்துச்சு, வித்துட்டேன்" என்று உங்களைக் கேட்காமல் யாரும் விற்க முடியாது. விற்ற காசும் உங்களுடையதுதான்.

இதே நியாயம் நமக்கும் பொருந்தும். மாமியார் பெயர் வெட்டிய பாத்திரத்தை அவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. "இது புழங்காம கிடக்குதே அத்தை, என்ன செய்யலாம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். கதையைக் கேட்ட பிறகு விற்க மனசு வராமலும் போகலாம். அப்படியானால் விற்க வேண்டாம்.

திண்ணை விற்பனை நடத்துவது எப்படி?

தனியாக ஒருவர் பத்துப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் வர மாட்டார்கள். ஒரு குழுவில் பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பத்துப் பொருள் என்றால் 120 பொருள் சேர்ந்துவிடும். நாலைந்து குழு சேர்ந்தால் சந்தையே களைகட்டும். அதனால் கூட்டமைப்பாகச் செய்வதுதான் நல்லது.

1. மூன்று குவியல்: பரணில் இருப்பதை எல்லாம் இறக்குங்கள். புழங்குவது ஒரு குவியல். நல்ல நிலையில் இருந்தும் புழங்காதது ஒரு குவியல். ஓட்டை உடைசல் ஒரு குவியல். இரண்டாவது குவியல்தான் விற்பனைக்கு. மூன்றாவது எடைக்கு.

2. கழுவிச் சோதிப்பது: பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேயுங்கள். ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூடியைத் தேடி ஜோடி சேருங்கள். மிக்சி, கிரைண்டர் என்றால் வாங்குபவர் கண் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். பித்தளையில் ஈயம் பூசியது தேய்ந்திருந்தால் "பூசித்தான் புளிக்குழம்பு வைக்கணும்" என்று சொல்லிவிடுங்கள். மறைத்து விற்றால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

3. விலை வைப்பது: பிரிக்காத புதுப் பொருளுக்குக் கடை விலையில் பாதி கேட்கலாம். புழங்கிய எவர்சில்வருக்கு மூன்றில் ஒரு பங்கு. பெயர் வெட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பித்தளை, வெண்கலம், செம்புக்கு முதலில் எடைக்கான விலையைக் கணக்குப் போடுங்கள். அதற்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். வேலைப்பாடு, பழமையைப் பார்த்து அதற்கு மேல் ஏற்றுங்கள். 10, 20, 50 என்று முழு எண்ணாக வைத்தால் சில்லறைத் தொல்லை இல்லை.

4. நாளும் இடமும்: மார்கழிக் கடைசி நல்ல நேரம். போகிக்கு எல்லாரும் வீட்டை ஒழிக்கிறார்கள், பொங்கலுக்குப் பாத்திரம் வாங்குகிறார்கள். சம்பள நாளுக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். பள்ளிக்கூட வளாகம், சமுதாயக் கூடம், கோயில் மைதானம் எதுவானாலும் முறையாகக் கேட்டு அனுமதி வாங்குங்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கமாக இருந்தால் டவுன் ஆட்களும் வருவார்கள்.

5. சீட்டும் பதிவேடும்: ஒவ்வொரு பொருளிலும் ஒரு சீட்டு. அதில் உறுப்பினர் எண், விலை, கடைசி விலை. கடைசி விலையை வாங்குபவருக்குப் புரியாமல் ஒரு குறியாக எழுதுங்கள். விற்றவுடன் சீட்டைக் கிழித்துப் பெட்டியில் போடுங்கள். மாலையில் சீட்டும் பணமும் ஒத்துப் போக வேண்டும். பணம் வாங்க ஒருவர், எழுத ஒருவர். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்பது நம் குழுவில் பழகிய பாடம்தானே!

6. செல்போனில் பணம்: இப்போது பலர் ஸ்கேன் செய்துதான் பணம் அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் போனில் காட்டுவதை நம்பிப் பொருளைக் கொடுக்காதீர்கள். நம் கணக்குக்குப் பணம் வந்ததாக நம் போனில் தெரிந்த பிறகு கொடுங்கள்.

7. கூட்டமைப்புக்குப் பங்கு: பந்தல், மேசை, நோட்டீஸ் செலவுக்கு நூற்றுக்கு ஐந்தோ பத்தோ என்று முன்கூட்டியே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். விற்ற பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

மேசையில் வைக்கக் கூடாதவை

கேஸ் சிலிண்டரும் ரெகுலேட்டரும் நம்முடையவை அல்ல. டெபாசிட் வாங்கிக்கொண்டு கம்பெனி கொடுத்தவை. வேண்டாம் என்றால் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்குங்கள்.

அடி உப்பிய குக்கர், சேப்டி வால்வு கெட்ட குக்கர் வேண்டவே வேண்டாம். 2021 பிப்ரவரியிலிருந்து புதுக் குக்கர் எல்லாவற்றுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பழைய குக்கரை விற்பதைவிட, கடைகளில் 'பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குங்கள்' என்று அறிவிக்கும்போது மாற்றிக்கொள்வது நல்லது. அப்போதும் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழசுக்குக் கழிக்கிற தொகையும், அதே குக்கரைச் சும்மா வாங்கினாலே கிடைக்கிற தள்ளுபடியும் ஒன்றாக இருந்தால், பழசுக்கு ஒன்றும் தரவில்லை என்று அர்த்தம்.

கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா, நாற்றம் பிடித்த பிளாஸ்டிக் டப்பா, ஒயர் பிய்ந்த மின்சாரச் சாமான் எதுவும் வேண்டாம். நாம் சமைக்கப் பயப்படுவதில் இன்னொருத்தி சமைக்கலாமா?

அரசு 2011-லிருந்து கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டர் குடும்பத்துக்கென்று கொடுத்தது. அதை விற்பனைக்குக் கொண்டுவராதீர்கள். சாமி விக்கிரகம், மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பழங்காலப் பாத்திரம் இதெல்லாமும் கூடாது. மண்ணுக்குள் கிடைத்தது என்றால் தாசில்தாரிடம் தெரிவிப்பதுதான் முறை.

விற்காமலும் காசாக்கலாம்

பெரிய அண்டா, தவலை, குண்டான், ஜல்லிக்கரண்டி, அன்னவெட்டி இருக்கிறதா? இவற்றை விற்க அவசரப்படாதீர்கள். ஊரில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் கூழ் என்று மாதம் ஒரு விசேஷம் வருகிறது. ஒவ்வொரு தடவையும் டவுனிலிருந்து வாடகைப் பாத்திரம் வருகிறது. வண்டிச் சத்தம் வேறு! ஒரு குழுவில் ஆறு வீட்டுப் பெரிய பாத்திரங்களைச் சேர்த்தால் நூறு பேருக்குச் சமைக்கிற செட் தயார். குறைகிற ஒன்றிரண்டைக் குழுப் பணத்தில் வாங்கிவிடலாம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சொந்தக்காரர் பெயரும் எடையும் பதிவேட்டில் இருக்கட்டும். வாடகையில் ஒரு பங்கு சொந்தக்காரருக்கு, ஒரு பங்கு குழுவுக்கு. முன்பணம் வாங்காமல் எதையும் அனுப்பாதீர்கள். திரும்பி வரும்போது எண்ணி, பார்த்து வாங்குங்கள். விற்றால் ஒரு தடவைதான் காசு. வாடகைக்கு விட்டால் பாத்திரமும் நம்முடையது, காசும் நம்முடையது.

வந்த பணத்தை என்ன செய்வது?

பரணை ஒழித்து வந்த பணம் பெரிய தொகையாக இருக்காது. சில நூறு, சில ஆயிரம். அதனாலேயே கையில் நிற்காமல் கரைந்துவிடும். அன்று மாலையே மூன்றில் ஒன்று செய்யுங்கள். வட்டி அதிகமாக ஓடுகிற கடனில் கட்டுங்கள். இல்லை என்றால் குழுவில் விருப்பச் சேமிப்பாகப் போடுங்கள். அடகில் சின்ன நகை ஏதாவது இருந்தால் மீட்டுவிடுங்கள். ஒரு பாத்திரத்தை விற்று இன்னொரு பாத்திரம் வாங்குவது மட்டும் வேண்டாம். பரண் மறுபடி நிறைந்துவிடும்!

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

கேள்வி: பழசை விற்றால் ஊரில் கேவலமாகப் பேச மாட்டார்களா?

பதில்: ஒருத்தர் விற்றால் "கஷ்டம்போல இருக்கு" என்பார்கள். ஐம்பது பேர் சேர்ந்து பந்தல் போட்டு விற்றால் "எப்ப திரும்பப் போடுவீங்க?" என்று கேட்பார்கள். கூட்டாகச் செய்வதில் இந்த லாபமும் உண்டு. ஆழ்வார்பேட்டையில் பங்களாவில் இருந்தவரே வாசலில் மேசை போட்டு விற்றார். யாரும் குறைவாக நினைக்கவில்லை.

கேள்வி: செத்தவங்க புழங்கிய பாத்திரத்தை யார் வாங்குவாங்க?

பதில்: யாரும் சொல்லிக்கொண்டு விற்பதில்லை, கேட்டு வாங்குவதும் இல்லை. ஆனால் உங்கள் மனசுக்குச் சங்கடமாக இருந்தால் அதை விற்க வேண்டாம். அங்கன்வாடிக்கோ கோயில் மடப்பள்ளிக்கோ கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். அவர்கள் பேரைச் சொல்லி நாலு பேர் சாப்பிடட்டும்.

கேள்வி: விற்காமல் மிஞ்சியதை என்ன செய்வது?

பதில்: கடைசி ஒரு மணி நேரம் விலையைப் பாதியாக்குங்கள். அப்புறமும் மிஞ்சினால் மூடி இல்லாதது, நசுங்கினது எல்லாம் எடைக்கு. ஐம்பது வீட்டுச் சாமானை மொத்தமாகப் போடும்போது வியாபாரியும் கூட்டித் தருவார். நல்ல பித்தளை, வெண்கலம் மட்டும் மிஞ்சினால் வீட்டுக்குத் திரும்பட்டும். அது அழுகிற பண்டம் இல்லை, அடுத்த தடவை போகும்.

நினைவில் வைக்க...

• அவசரத்தில் விற்காதே, ஆற அமர விற்பனை செய்.
• எடை தெரியாமல் கொடுக்காதே.
• நல்ல பாத்திரம் புழங்குபவருக்கு, ஓட்டைப் பாத்திரம் உருக்குபவருக்கு.
• பெரிய பாத்திரத்தை விற்காதே, வாடகைக்கு விடு.
• பெயர் வெட்டியவரைக் கேட்காமல் எடுக்காதே.

சகோதரிகளே, அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். ஊக்குநர்கள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, வீட்டில் புழங்காத பத்துப் பாத்திரத்தை எழுதி வரச் சொல்லுங்கள். எழுதும்போதே தெரிந்துவிடும், நம் பரணில் எவ்வளவு தூங்குகிறது என்று.

ஆழ்வார்பேட்டையிலிருந்து வந்த அன்றைக்கு அம்மாவிடம் பானை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "விலை கெடக்குது விடு. அதுல எங்கம்மா பேரு வெட்டியிருந்துச்சு. அந்த வியாபாரி அதைப் படிச்சுக்கூடப் பாக்கல, நானும் நினைச்சுப் பாக்கல" என்றார். அன்றைக்கு எங்கள் ஊரில் குழு இல்லை. அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. இன்றைக்கு நமக்குக் குழு இருக்கிறது. அடுத்த தடவை வாசலில் பாத்திரக்காரர் குரல் கேட்டால், "இருங்க, எங்க குழுவுல பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிப் பாருங்களேன்!